ஜாலியன்வாலா தினம்

இன்று ஏப்ரல் 13. 1919-ஆம் வருஷம் இதே தினம் மாலை, அமிர்தசரஸ் நகரில் ஜாலியன்வாலா பாக் மைதானத்தில் நிராயுதபாணிகளாய்க் கூடியிருந்த ஜனங்கள்மீது, ஓர் எச்சரிக்கையுமின்றிச் சுடும்படி ஜெனரல் டயர் உத்தரவிட்டான். சுமார் 10 நிமிஷங்களில் 1,650 ரவைகள் பாய்ந்தன. மாண்டோர் 379 பேர் என்றது சர்க்கார் கணக்கு. அதனினும் மிக அதிகமென்றது காங்கிரஸ் விசாரணை.

அன்று தேசம் கேட்டது என்ன? விசாரணையின்றி ஒருவனைச் சிறைவைக்க இடந்தந்த ரௌலட் சட்டத்தை ரத்து செய்க என்பதே. வாதமில்லை, வக்கீலில்லை, அப்பீலில்லை என்று ஜனங்கள் அதை இகழ்ந்தனர். 1922-இல் அச்சட்டம் ரத்தாயிற்று.

அதன் தத்துவமும் ஒழிந்ததா? நமது அரசியல் சட்டத்தின் 22-ஆவது ஷரத்து, தடுப்புக் காவலில் வைக்கப்பட்டவனுக்கு வக்கீலைக் கலந்துகொள்ளும் உரிமையை அளிக்கவில்லை. 1980-ஆம் வருஷத்துத் தேசியப் பாதுகாப்புச் சட்டம் 12 மாதம் வரை விசாரணையற்ற காவலை அனுமதிக்கிறது. அந்நியன் கையில் அநீதியாயிருந்தது நம்மவர் கையில் நீதியாகிவிடுமோ?

மாண்டோருக்கு மலர் சாத்துவது எளிது. அவர்கள் காலத்து ஜனங்கள் எதை எதிர்த்தனரோ அதை நாமும் எதிர்த்தலே மெய்யான அஞ்சலியாகும். பார்லிமெண்டார் இச்சட்டத்தைப் புனராலோசனை செய்வாராக.