'ஸ்வீட் கொடுத்ததாலா வந்துச்சு?' - குழந்தைகளின் சர்க்கரை நோயும் ஜீன் தேடலும்

கல்மண்டபம் பக்கம் 'சர்க்கரை ஆஸ்பத்திரி' எங்கே என்று கேட்டால் யாரும் வழி சொல்வார்கள். டாக்டர் எம்.விஸ்வநாதன் 1954-ல் ராயபுரத்தில் தொடங்கிய மருத்துவமனை, 1971 முதல் நீரிழிவு சிகிச்சைக்கென்றே இயங்குகிறது.

குழந்தைக்கு 'டைப் 1' என்று டாக்டர் சொன்னதும் பல அம்மாக்களுக்கு வரும் முதல் பயம், "நான்தான் ஸ்வீட் அதிகமா கொடுத்துட்டேனோ?" இல்லை. உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு சக்தியே, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை எதிரி என நினைத்து அழித்துவிடுகிறது.

ஏன் இந்தத் தவறு? 1970-களில் முதல் துப்பு கிடைத்தது. ஆறாவது குரோமோசோமில் உள்ள ஹெச்.எல்.ஏ ஜீன்கள்தான் 'இது நம்ம ஆள், இது வெளியாள்' என்று பிரித்தறிய உதவுபவை. பரம்பரையாக வரும் ஆபத்தில் சுமார் பாதி இவற்றால்தான். பிறகு நடந்த ஆய்வுகளில் 50-க்கும் மேற்பட்ட ஜீன் பகுதிகள் சிக்கின.

ஆனால், ஜீன் தலையெழுத்து அல்ல. ஒரே மாதிரி இரட்டையரில் ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கும் வந்தே தீரும் என்பதில்லை.

தேடல் எதற்கு? ஆபத்தை முன்பே கண்டறியத்தான். நோயைச் சராசரியாக இரண்டு ஆண்டுகள் தள்ளிப்போடும் டெப்லிசுமாப் மருந்துக்கு அமெரிக்கா 2022-ல் அனுமதி தந்தது.

பிள்ளைக்கு அதிக தாகம், அடிக்கடி சிறுநீர், திடீர் எடைக்குறைவா? அன்றே ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். யார் என்ன சொன்னாலும் இன்சுலினை மட்டும் நிறுத்தாதீர்கள்!