ஒரு புள்ளி என்ன விலை?

2019 டிசம்பர் 9 முதல் 12 வரை, திண்டுக்கல் மாவட்டம் நத்தத்தில் உள்ள என்.பி.ஆர். கல்லூரி மைதானத்தில் தமிழ்நாடும் கர்நாடகாவும் ரஞ்சிக் கோப்பை ஆட்டம் ஆடின. கர்நாடகா 336, 151. தமிழ்நாடு 307, 154. கூட்டினால் 487க்கு எதிராக 461. வித்தியாசம் 26 ரன். நான்கு நாளில் விழுந்த விக்கெட் 40, அடித்த ரன் 948. கர்நாடகாவின் கிருஷ்ணப்பா கௌதம் முதல் இன்னிங்ஸில் 6, இரண்டாவதில் 8 என்று 14 விக்கெட்டைத் தனியாளாக வாரிக்கொண்டு போனார். புள்ளிப் பட்டியலில் ஏறியது இவ்வளவுதான்: கர்நாடகா 6, தமிழ்நாடு 0.

அதற்கடுத்து அதே மைதானத்தில் இமாச்சலப் பிரதேசம் வந்தது. தமிழ்நாடு 71 ரன்னில் தோற்றது. அதற்கும் 0. சொந்த மண்ணில் இரண்டு ஆட்டம், வரவு ஒன்றுமில்லை. கடைசி நாள்வரை மூச்சைப் பிடித்துப் பார்க்க வைத்த 26 ரன் தோல்விக்கும், அவ்வளவு நெருக்கமில்லாத 71 ரன் தோல்விக்கும் பட்டியல் ஒரே எண்ணைத்தான் எழுதிக்கொண்டது.

புள்ளி முறையைச் சட்டம் என்று நினைப்பதைவிட விலைப்பட்டியல் என்று நினைத்தால் பல விஷயம் துலங்கும். வெற்றி என்ன விலை, டிரா என்ன விலை, தோற்றவன் கையில் எவ்வளவு மிஞ்சும் என்பதை நிர்வாகம் எழுதி ஒட்டுகிறது. ஆடுகிறவர்கள் அதைப் படித்துவிட்டுத்தான் களத்தில் இறங்குகிறார்கள். ஆகவே ஒரு புள்ளி முறையைச் சோதிக்க முதலில் போட வேண்டிய கூட்டல் ஒன்று உண்டு. ஓர் ஆட்டம் முடிந்தால் இரு அணிக்கும் சேர்த்து மொத்தம் எத்தனை புள்ளி வழங்கப்படுகிறது?

ரஞ்சி, நேரடி வெற்றி: 6 + 0 = 6
ரஞ்சி, இன்னிங்ஸ் அல்லது 10 விக்கெட் வெற்றி: 7 + 0 = 7
ரஞ்சி, டிரா, முதல் இன்னிங்ஸ் லீடுடன்: 3 + 1 = 4
ரஞ்சி, முதல் இன்னிங்ஸே முடியாத டிரா: 1 + 1 = 2
தமிழ்நாடு பிரீமியர் லீக் (டி.என்.பி.எல்.) வெற்றி: 2 + 0 = 2
வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி (என்.எச்.எல்.), 60 நிமிடத்துக்குள் வெற்றி: 2 + 0 = 2
அதே என்.எச்.எல்., கூடுதல் நேர வெற்றி: 2 + 1 = 3
உலகச் சாம்பியன்ஷிப் ஐஸ் ஹாக்கி: 3 + 0 அல்லது 2 + 1 = 3

திண்டுக்கல் கட்டுரையில் ஐஸ் ஹாக்கி எதற்கு என்று கேட்கலாம். புள்ளிக் கணக்கில் ஒரு தவறு எப்படி ஒரு விளையாட்டையே வளைத்துவிடும் என்பதற்கு அதைவிடத் துப்புரவான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

என்.எச்.எல். தொடரில் முன்பு கணக்கு எளிமை: வென்றால் 2, சமநிலை என்றால் ஆளுக்கு 1. 1983-84இல் 5 நிமிடக் கூடுதல் நேரம் வந்தது. அதில் தோற்றால் கையிலிருந்த 1 போய்விடும் என்பதால் இரு அணியும் பதுங்கி ஆடின. பதுங்குவதைத் தடுக்க 1999-2000இல் ஒரு திருத்தம்: கூடுதல் நேரத்தில் தோற்றாலும் அந்த 1 புள்ளி உனக்கே. 2005-06இல் ஷூட்அவுட் வந்து சமநிலையே ஒழிந்தது. ஆனால் தோற்றவனுக்கு 1 என்ற சலுகை அப்படியே தங்கிவிட்டது.

இப்போது கணக்கைப் பாருங்கள். 60 நிமிடத்தில் ஆட்டம் முடிந்தால் 2 புள்ளி, அதாவது 30 நிமிடத்துக்கு 1. முடியாவிட்டால் அந்த 2 ஆளுக்கு ஒன்றாகப் பிரிந்துவிடும்; அதன் பிறகு அதிகபட்சம் 5 நிமிடமும் ஒரு ஷூட்அவுட்டும் ஆடினால் புதிதாக இன்னொரு புள்ளி பிறக்கும். 30 நிமிட விலையில் விற்ற சரக்கு 5 நிமிட விலைக்கு இறங்கிவிட்டது, ஆறில் ஒரு பங்கு. திண்டுக்கல் வெங்காய மண்டியில் காலையில் இறங்கும் மூட்டையை 50 கிலோ என்றும், அதே மூட்டை பொழுது சாய இறங்கினால் 75 கிலோ என்றும் பேரேட்டில் எழுதினால் எந்த வியாபாரி காலையில் வண்டி கொண்டு வருவான்?

அதேதான் அங்கும். கடைசி 5 நிமிடம், ஸ்கோர் சமம், இரு அணியும் சம பலம் என்று வைத்துக்கொள்வோம். இப்போதே முடிவு கட்டப் பாய்ந்தால் 2 புள்ளியில் பாதி, சராசரி ஆளுக்கு 1. கூடுதல் நேரத்துக்கு இழுத்துவிட்டால் 3 புள்ளியில் பாதி, ஆளுக்கு 1.5. இரண்டு எதிரிகளும் ஒரு வார்த்தை பேசாமலே கூட்டு வைத்துக்கொள்ளலாம். இதை ஊழல் என்று சொல்ல மாட்டேன். விலைப்பட்டியலைப் படிக்கத் தெரிந்திருக்கிறது, அவ்வளவே.

இதன் மொத்தச் செலவையும் போட்டுப் பார்த்தேன். 32 அணி, ஆளுக்கு 82 ஆட்டம் என்றால் தொடரில் 1,312 ஆட்டம். எல்லாம் 60 நிமிடத்தில் முடிந்தால் 2,624 புள்ளி. அணிக்குச் சராசரி 82. ஐந்தில் ஓர் ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போகிறது என்று வைத்தால் 262 புள்ளி கூடுதலாக அச்சாகும். சராசரி 90ஐத் தாண்டிவிடும். 82 ஆட்டத்தில் 85 புள்ளி எடுத்த அணி "பாதிக்கு மேல் எடுத்துவிட்டோம்" என்று சொல்லிக்கொள்ளும். உண்மையில் அது சராசரிக்குக் கீழே நிற்கிறது.

மாற்று வெகு நாளாகவே கையில் இருக்கிறது. உலகச் சாம்பியன்ஷிப்பில் 2007 முதலே 3-2-1-0 முறை: 60 நிமிடத்தில் வென்றால் 3, பிறகு வென்றால் 2, பிறகு தோற்றால் 1, 60 நிமிடத்திலேயே தோற்றால் 0. கூட்டுத்தொகை எப்போதும் 3. 2024 ஜனவரியில் தொடங்கிய பெண்கள் தொழில்முறை லீக்கும் (பி.டபிள்யூ.எச்.எல்.) முதல் நாளே இதையே எடுத்துக்கொண்டது. ஆண்கள் லீக் இன்னும் மசியவில்லை. மிகுதிப் புள்ளி பட்டியலை நெருக்கமாகக் காட்டும்; நெருக்கமான பட்டியல் பின்தங்கிய ஊரிலும் டிக்கெட் விற்கும். கணக்குத் தப்பாக இருப்பதில் லாபம் இருக்கும்போது அதைத் திருத்தச் சொல்கிறவன் குரல் எடுபடாது.

நம் பக்கம் திரும்புவோம். புரோ கபடியில் பல ஆண்டு வென்றவருக்கு 5, சமன் என்றால் ஆளுக்கு 3, 7 புள்ளிக்குள் தோற்றால் ஆறுதலாக 1. கூட்டினால் சில நாள் 5, சில நாள் 6. 2025இல் அதைத் தூக்கிவிட்டு வெற்றிக்கு 2, தோல்விக்கு 0, சமனானால் டைபிரேக்கர் என்று மாற்றினார்கள். புல்தரை ஹாக்கியின் புரோ லீக்கில் டிரா என்றால் ஆளுக்கு 1, ஷூட்அவுட் வென்றவருக்கு மேலும் 1. மொத்தம் எப்போதும் 3. கால்பந்தில் வெற்றிக்கு 3, டிராவுக்கு 1+1. இங்கிலாந்து 1981இலும், உலகக் கோப்பை 1994இலும் இதற்கு வந்தன. டிராவில் ஒரு புள்ளி காற்றில் கரைகிறது. அது வேண்டுமென்றே வைத்த தண்டனை.

2025 நவம்பர், டிசம்பரில் சென்னையிலும் நமக்குப் பக்கத்து மதுரையிலும் நடந்த ஜூனியர் ஆண்கள் உலகக் கோப்பை ஹாக்கியில் 24 அணி, 6 பிரிவு. பிரிவின் முதலிடக்காரர்கள் 6 பேரோடு, இரண்டாமிடக்காரர்களில் சிறந்த 2 பேருக்கும் காலிறுதி. இந்தியா ஓமனை 17-0 என்று வென்றது. அதற்கும் 3 புள்ளி, 1-0 என்று வென்றாலும் 3 புள்ளி. ஆனால் வெவ்வேறு பிரிவின் இரண்டாமிடக்காரர்களை ஒப்பிடும்போது புள்ளி சமமானால் கோல் வித்தியாசம் பேசும். அப்போது யாருடைய பிரிவில் பலவீனமான அணி விழுந்தது என்பதே பெரிய சொத்து. புள்ளி நிரல் சுத்தம்; அழுக்கு அடுத்த நிரலில்.

டி.என்.பி.எல். கணக்கில் ஒளிவு மறைவில்லை. 8 அணி, ஆளுக்கு 7 லீக் ஆட்டம், மொத்தம் 28 ஆட்டம், 56 புள்ளி. 40 ஓவருக்கு 240 பந்து. ஒரு புள்ளிக்கு 120 பந்து. 2025இல் சேப்பாக் சூப்பர் கில்லீஸ் ஏழுக்கு ஏழு வென்று 14 புள்ளியும் அள்ளியது. பிறகு முதல் தகுதிச்சுற்றில் திருப்பூரிடமும், இரண்டாவதில் திண்டுக்கல் டிராகன்ஸிடமும் தோற்று, இறுதிக்கே வரவில்லை. எலிமினேட்டர் வழியாக ஏறி வந்த டிராகன்ஸ் ஜூலை 6 அன்று சொந்த மைதானத்தில் இறுதி ஆடி, திருப்பூரின் 220க்கு 102 எடுத்து 118 ரன்னில் தோற்றது. அந்த 14 புள்ளிக்கு ப்ளே-ஆஃபில் கிடைத்த விலை, ஒரு முறை தோற்கலாம் என்ற உரிமை மட்டுமே. அது வேறு வழக்கு.

ரஞ்சிதான் சிக்கலான பேரேடு. நாளுக்கு 90 ஓவர், 4 நாளில் 360 ஓவர், 2,160 பந்து. முடிவு கிடைத்தால் ஒரு புள்ளிக்கு 360 பந்து. டிராவானால் 540 பந்து. ஆட்டக்காரர் சம்பளத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 40 ஆட்டத்துக்கு மேல் ஆடியவருக்கு நாளுக்கு 60,000 ரூபாய், நான்கு நாளுக்கு 2,40,000. வென்றாலும் அதுதான், தோற்றாலும் அதுதான்.

டிராவின் மொத்தம் 4 என்று குறைவாக இருப்பதில் எனக்குக் குறையில்லை. குறை அந்த 4 பிரிகிற விதத்தில். லீடு எடுத்த அணியின் கையில் 3 இருக்கிறது. துணிந்து டிக்ளேர் செய்து வென்றால் 6, கூடுதல் லாபம் 3. தோற்றால் 0, நஷ்டமும் 3. ஆகவே வெல்லும் வாய்ப்பு தோற்கும் வாய்ப்பைவிட அதிகம் என்று நிச்சயமானால் ஒழிய அந்த கேப்டன் கதவைத் திறக்க மாட்டார். பின்தங்கிய அணியின் கணக்கே வேறு: கையில் 1, வென்றால் லாபம் 5, தோற்றால் நஷ்டம் 1. ஆறில் ஒரு வாய்ப்பு இருந்தாலே அவர் பாயலாம். ஆனால் பாய்வதற்கு இலக்கை வைக்க வேண்டியவர் லீடுகாரர். கதவுச் சாவி துணிவு தேவைப்படாதவர் கையில். துணியத் தயாராக இருப்பவர் வெளியே நிற்கிறார். நாலாம் நாள் மதியம் காலி கேலரி முன்னால் ஆளுக்கு ஐந்து ஓவர் உருட்டிப் போட்டுக்கொண்டிருக்கும் அந்தக் காட்சிக்குச் சோம்பலைக் குறை சொல்லிப் பயனில்லை. மூன்று என்பது ஆறில் சரிபாதி. வினை அங்கே இருக்கிறது.

நாக்-அவுட்டில் இந்த லீடு இன்னும் கனம் கூடும், டிராவானால் அதுவே வெற்றி. 2025 பிப்ரவரியில் கேரளா காலிறுதியில் ஜம்மு காஷ்மீரின் 280க்கு 281 எடுத்தது. அகமதாபாத்தில் நடந்த அரையிறுதியில் 457 எடுத்து குஜராத்தை 455இல் மடக்கியது. கடைசி விக்கெட், ஷார்ட் லெக்கில் நின்றவர் ஹெல்மெட்டில் பட்டு எகிறிய பந்து ஸ்லிப்பில் கேட்ச் ஆனது. இரண்டு சுற்றுக்கும் சேர்த்து 3 ரன் லீடில் ஓர் அணி இறுதிக்கு வந்தது. அரையிறுதியில் தோற்றவருக்கு 1 கோடி, இறுதியில் தோற்றவருக்கு 3 கோடி. அந்த 2 ரன்னின் விலை ரன்னுக்கு 1 கோடி. நாக்பூரில் நடந்த இறுதியும் டிரா. விதர்பா 379, கேரளா 342. வென்றவருக்கு 5 கோடி என்பதால் 37 ரன்னுக்கு 2 கோடி வித்தியாசம், ரன்னுக்குச் சுமார் 5.4 லட்சம். அகமதாபாத்தைவிட நாக்பூரில் ரன் மலிவு.

கிரிக்கெட் வாரியம் இதை அறியாமல் இல்லை. 2024-25இல் 23 வயதுக்குட்பட்டோருக்கான சி.கே. நாயுடு கோப்பையில் டாஸை எடுத்துவிட்டு, விருந்தாளி அணியே பேட்டிங்கா பௌலிங்கா என்று முடிவு செய்யலாம் என்றார்கள். முதல் இன்னிங்ஸ் பேட்டிங்குக்கும் பௌலிங்குக்கும் தனிப்புள்ளி வைத்தார்கள். ஆஸ்திரேலியாவின் ஷெஃபீல்டு ஷீல்டில் இதை நுணுக்கமாகவே செய்கிறார்கள்: முதல் 100 ஓவரில் 200க்கு மேல் எடுக்கும் ஒவ்வொரு ரன்னுக்கும் 0.01 புள்ளி, ஒவ்வொரு விக்கெட்டுக்கும் 0.1. எனக்கு இந்தத் தசம வைத்தியத்தில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. நாலாம் நாள் நோய்க்கு முதல் இரண்டு நாளில் மருந்து கொடுப்பது போலத்தான் இருக்கிறது.

என் யோசனை எளிது. லீடுக்கு 3, பின்தங்கியவருக்கு 1 அப்படியே இருக்கட்டும். நேரடி வெற்றிக்கு 6ஐ 8 ஆக்குங்கள். லீடுகாரருக்கு லாபம் 5, நஷ்டம் 3. எட்டில் மூன்று பங்கு வாய்ப்பு இருந்தாலே அவர் டிக்ளேர் செய்வது கணக்குக்குப் பொருந்தும்; இப்போது தேவைப்படுவது எட்டில் நான்கு. வெற்றிக்கு 6ஐ அப்படியே விட்டு லீடை 2 ஆகக் குறைத்தால் மூன்றில் ஒன்றாகவே இறங்கும், ஆனால் வடகிழக்குப் பருவமழையில் அக்டோபர், நவம்பர் ஆட்டங்களைத் தொலைக்கும் தமிழ்நாடு போன்ற அணிக்கு லீடுதான் சில வாரம் ஒரே வரவு. அதில் கை வைக்க எனக்கு மனமில்லை.

இதற்கும் ஒரு செலவு உண்டு. 2022 டிசம்பரில் ஹைதராபாத்தில் தமிழ்நாட்டுக்கு 11 ஓவரில் 144 தேவைப்பட்டது. லீடு ஏற்கெனவே கையில். 11 ஓவரில் 10 விக்கெட்டும் போகப் போவதில்லை. ஆகவே நஷ்டப் பயமே இல்லாத பாய்ச்சல். ஜெகதீசனும் சாய் சுதர்சனும் அடித்த அடியில் 7 ஓவரில் 108க்கு 1 விக்கெட். மிச்சம் 24 பந்து, 36 ரன். வெளிச்சம் போதவில்லை என்று நடுவர்கள் ஆட்டத்தை நிறுத்தினார்கள். 6 கிடைத்திருக்க வேண்டிய இடத்தில் 3 எழுதப்பட்டது. அன்று அந்த 24 பந்தின் மதிப்பு 3 புள்ளி. நான் சொல்கிற விலைப்பட்டியலில் அது 5.