ரோபோக்களின் பொது நினைவகம்

அறைக்குள் நடமாடும் ரோபோ ஒவ்வொரு பொருளையும் இனங்கண்டு, இடத்தின் வரைபடத்தை உருவாக்கி, வழியைத் தானே தீர்மானிக்க வேண்டியிருப்பதால், இக்கணக்குகள் அனைத்தையும் அதன் உடலுக்குள்ளேயே செய்துமுடிக்க வலிய கணினியும் பெரிய மின்கலமும் தேவைப்படுகின்றன. எடையும் விலையும் ஏறிவிடுகின்றன. டோக்கியோ பல்கலைக்கழகத்தின் மசயூக்கி இனாபா 1990களிலேயே ரோபோவின் 'மூளை'யை உடலுக்கு வெளியே வைத்து, கம்பியில்லாத் தொடர்பால் இரண்டையும் இணைத்துப் பார்த்தார். அந்த வெளிமூளையை, இணையத்தின் வழியே தேவைக்கேற்பக் கணினித்திறனை வழங்கும் மேகக் கணிமைக்கு மாற்றும் அணுகுமுறைக்கு 2010இல் ஜேம்ஸ் கஃப்னர் 'மேக ரோபோவியல்' எனப் பொருள்படும் பெயரைச் சூட்டினார்.

மூளையை வெளியே வைப்பதைவிட, பல உடல்கள் ஒரே நினைவைப் பகிர்வதே இதில் பெரிய மாற்றம். ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியில் நடந்த ரோபோஎர்த் திட்டம் இதற்குத் தெளிவான சான்றாகும். 2014 ஜனவரியில் நெதர்லாந்தின் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில், மருத்துவமனை அறைபோல் அமைக்கப்பட்ட இடத்தில், நான்கு ரோபோக்கள் இயக்கிக் காட்டப்பட்டன. ஒன்று தயாரித்துப் பதிவேற்றிய வரைபடத்தைக் கொண்டே, அவ்வறையை முன்பின் அறியாத இன்னொன்று வழி கண்டறிய முடிந்தது.

இத்திட்டத்துக்கான மேகத்தளமான 'ரப்யூட்டா', சூரிக்கின் ஈ.டி.எச். பல்கலைக்கழகத்தில் உருவானது. அதன் ஆக்கத்தில் இலங்கையில் பிறந்த கஜமோகன் மோகனராஜாவுக்கு முதன்மைப் பங்குண்டு. தளத்தில் இணையும் ஒவ்வொரு ரோபோவுக்கும் தனித்த கணிப்புச்சூழல் ஒதுக்கப்படும். அச்சூழல்கள் தமக்குள் தகவல் பரிமாறுவதால், ரோபோக்கள் நேருக்கு நேர் பேசவேண்டிய தேவை குறைகிறது. விலைகுறைந்த ரோபோக்களைக் கொண்டு அக்குழுவினர் முப்பரிமாண வரைபடம் உருவாக்கிய முறையில் வேலைப்பிரிவினை நன்கு புலப்படுகிறது: தான் எங்கே நகர்கிறது என்ற உடனடிக் கணக்கை ரோபோ தானே செய்துகொண்டு, தேர்ந்தெடுத்த சில படச்சட்டங்களை மட்டும் மேலே அனுப்ப, இரு ரோபோக்கள் ஒரே இடத்தைக் கண்டிருப்பதை மேகம் உணர்ந்து, அவற்றின் வரைபடங்களை ஒன்றாக்கிப் பிழைகளைத் திருத்துகிறது.

எதை மேலே அனுப்புவது, எதைக் கீழேயே வைத்துக்கொள்வது என்பதே இத்துறையின் மையச் சிக்கல் எனலாம். ஒளியிழையில் 1,000 கி.மீ. தொலைவுக்குத் தகவல் போய்த் திரும்ப ஏறத்தாழ 10 மில்லிவினாடிகள் ஆகும். இடையிலுள்ள கருவிகளின் தாமதமும், கம்பியில்லா இணைப்பின் நிலையின்மையும் அதனுடன் சேரும். ஆகவே சமநிலை காத்தல், மோதல் தவிர்த்தல் போன்றவற்றை மேகத்திடம் ஒப்படைப்பது அறிவுடைமை ஆகாது.

அனுபவத்தைச் சேர்த்து வைப்பதில் இத்தகைய அவசரம் இல்லை. கூகுள் ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வில், 14 ரோபோக் கைகள் வரை இணையாக இயங்கி, பொருள்களைப் பற்றிப்பிடிக்க 8,00,000க்கு மேற்பட்ட முயற்சிகளை மேற்கொண்டன. அவற்றைத் தொகுத்து ஒரே நரம்பு வலையமைப்பு பயிற்றுவிக்கப்பட்டது. ஒரு கை தவறவிட்ட பொருள் எல்லாக் கைகளுக்கும் பாடமாயிற்று. அதே வழியில் ஒரு தவறான பதிவும் எல்லா ரோபோக்களையும் சென்றடையக்கூடும் என்பதால், பொது நினைவில் எழுதும் உரிமை யாருக்கு, எழுதப்பட்டதைச் சரிபார்ப்பது எவ்வாறு என்ற கேள்விகள், கணிப்புவேகத்தைக் கூட்டுவதைக் காட்டிலும் கடினமானவை.