உங்களுக்குத் தெரியுமா? முட்டியும் ஸ்குவாட்டும்

"முழுசா குந்தாதே, முட்டி தேஞ்சிடும்" என்று சொல்ல எல்லா ஜிம்மிலும் ஓர் அண்ணன் இருப்பார். இந்தப் பயம் பரவத் தொடங்கியது 1961-இல். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் கார்ல் க்ளைன், ஆழமாக ஸ்குவாட் போட்டால் முட்டி ஜவ்வு தளர்ந்துவிடும் என்று எழுதினார். மறு ஆண்டே ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் பத்திரிகை அதை ஊரறியச் செய்தது. பின்னால் அளந்து பார்த்தவர்களுக்கு அந்தத் தளர்ச்சி அகப்படவில்லை. அந்தச் செய்திதான் இன்னும் நம் அண்ணன் காதுக்கு எட்டவில்லை!

'முட்டி கால் விரலைத் தாண்டக் கூடாது' என்பது இன்னொரு கட்டளை. 2003-இல் அமெரிக்காவின் மெம்பிஸ் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்தார்கள். ஏழு பேரைச் சாதாரணமாக ஒருமுறை ஸ்குவாட் போடச் சொன்னார்கள். பிறகு முட்டி முன்னே போகாதபடி ஒரு பலகையை நிறுத்திவைத்துப் போடச் சொன்னார்கள். முட்டியில் விழுந்த திருப்பு விசை 150 நியூட்டன் மீட்டரிலிருந்து 117-க்கு இறங்கியது. நல்லதுதானே என்கிறீர்களா? இடுப்பில் அதே விசை 28-லிருந்து 303-க்கு எகிறியது! முட்டி போக வேண்டிய இடத்துக்குப் போகாவிட்டால் உடம்பு முன்னால் கவிழும். சுமை இடுப்புக்கும் முதுகுக்கும் மாறும். காலும் தொடையும் நீளமானவர்களுக்கு முட்டி விரலைத் தாண்டித்தான் தீரும்.

முன்னால் போவதைவிட, எழும்போது இரண்டு முட்டிகளும் உள்பக்கமாகச் சரிவதைத்தான் கவனிக்க வேண்டும். பாதத்தைச் சற்றே வெளிப்பக்கம் திருப்பி, விரல் காட்டும் திசையிலேயே முட்டியை அனுப்புங்கள். அப்படியும் சரிந்தால் வெயிட்டைக் குறையுங்கள்.

பாதி ஸ்குவாட் பத்திரம் என்று நினைப்பவர்களுக்கு: முட்டிச்சில்லின் அடியில் அழுத்தம் உச்சத்துக்குப் போவது ஏறக்குறைய 90 டிகிரியில். அதற்கும் கீழே போனால் தொடைத்தசையின் நாண் தொடை எலும்பின்மேல் படிந்து, சுமையில் ஒரு பங்கை வாங்கிக்கொள்கிறது. பாதியோடு நிற்பவர்கள் சுலபமாக இருக்கிறதே என்று தட்டுக்குமேல் தட்டு ஏற்றுவதும் உண்டு.

குந்தும்போது குதிகால் தூக்குகிறதா? பெரும்பாலும் குற்றவாளி முட்டியல்ல, விறைத்த கணுக்கால். பளுதூக்கும் வீரர்களின் ஷூவில் குதிகால் உயர்ந்திருப்பது இதற்காகத்தான்.

ஸ்குவாட் ரேக் இல்லாத காலத்தில் பார்பெல்லைத் தோளுக்கு ஏற்றியது எப்படி? ஜெர்மானியரான மைலோ ஸ்டைன்போர்ன் அதைச் செங்குத்தாக நிமிர்த்தி, அதன் கீழே குந்தி, தோள்மேல் சாய்த்து வாங்கிக்கொண்டு எழுவார். 1921-இல் அமெரிக்காவுக்குப் போன அவரைப் பார்த்துத்தான் அங்கே பலருக்குக் கனமான ஸ்குவாட்டில் ஆசை பிறந்தது. வீட்டில் முயல வேண்டாம்.

வேலூர்க்காரர் சதீஷ் சிவலிங்கம் 2018 கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் தங்கம் வென்றபோது க்ளீன் அண்ட் ஜெர்க்கில் தூக்கியது 173 கிலோ. இந்த முறையில் பாரைக் குந்தியபடி தோளில் ஏந்தி, எழுந்து நின்ற பிறகே தலைக்குமேல் தள்ள வேண்டும்.

முட்டிச்சில்லுக்குக் கீழே இருக்கும் நாண் எவ்வளவு தாங்கும்? ஒரு போட்டியில் 175 கிலோவைத் தூக்கிய வீரருக்கு அது அறுந்தது. ஆய்வுக்காகப் படம் பிடித்துக்கொண்டிருந்தபோதே நடந்ததால் கணக்குப் போட முடிந்தது. அறுந்த கணத்தில் அதில் இருந்த விசை அவர் உடல் எடையைப்போல் சுமார் 17.5 மடங்கு! 1977-இல் இது ஆய்வுக் கட்டுரையாக வந்தது.

முட்டி 'டப்'பென்று சத்தம் போட்டால் பதற வேண்டாம். வலியும் வீக்கமும் இல்லாத சத்தம் பெரும்பாலும் வெறும் சத்தம்தான். வலித்தால் டாக்டரிடம் காட்டுங்கள், ஜிம் அண்ணனிடம் அல்ல.

பவர்லிஃப்டிங் போட்டியில் இடுப்பு மடிப்பு முட்டியின் மேல்பகுதிக்குக் கீழே இறங்கியாக வேண்டும். மூன்று நடுவர்களில் இருவர் சிவப்பு விளக்கு காட்டினால் அந்தத் தூக்கு செல்லாது. தோப்புக்கரணத்தில் அந்தத் தொல்லை இல்லை. பிள்ளையார் ஆழம் பார்ப்பதில்லை.