சிட்டி மறுபடி வந்தபோது



ஒரு படம் நன்றாக ஓடினால் அதற்கு இரண்டாம் பாகம் எடுப்பது வழக்கமாகிவிட்டது. இரண்டாம் பாகம் வந்தவுடன் வீட்டுக்கு வீடு வழக்குத்தான். ‘முதல் படம் மாதிரி இல்லை’ என்பார் அப்பா. ‘அதைவிட இதுதான் பிரமாதம்’ என்பான் பையன். இருவரும் பார்த்ததோ ஒரே படம். ஏன் இப்படி? சிங்கப்பூரில் ஒரு விஞ்ஞானப் படத்தின் இரண்டாம் பாகத்தை நம்மவர்கள் எப்படிப் பார்த்தார்கள் என்பதை வைத்து இன்று பேசலாம் என்று இருக்கிறேன்.

விஞ்ஞானப் படம் என்றதும், அதற்கும் தோட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டுவிடாதீர்கள். 1963-ல் எம்.ஜி.ஆர். நடித்த ‘கலை அரசி’யில் வேற்றுக் கிரகத்து மனிதன் பறக்கும் வாகனத்தில் வந்து ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு போகிறான். சந்திரனில் மனிதன் கால் வைப்பதற்கு ஆறு ஆண்டுகள் முன்னால் வந்த படம் அது. தோட்டத்துத் திடலில் இரண்டு கம்பம் நட்டு, வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய காலம் உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். சாயங்காலமே பிள்ளைகள் போய்ச் சாக்கை விரித்து இடம் பிடித்துவிடுவார்கள். இடம் கிடைக்காதவர்கள் துணிக்குப் பின்பக்கம் உட்கார்ந்து பார்த்தோம். அங்கே எம்.ஜி.ஆர். இடக்கையால் வாள் வீசுவார்; அதனால் ரசனை ஒன்றும் குறைந்துவிடவில்லை. மறுநாள் காலைப் பெரட்டில் இதே பேச்சுத்தான். படத்தைப் பற்றி அபிப்பிராயம் சொல்வது பத்திரிகைக்காரர்கள் கண்டுபிடித்த காரியமல்ல.

இனி, நம் கதைக்கு வருவோம். ‘எந்திரன்’ 2010 அக்டோபர் 1-ஆம் தேதி வெளியானது. அதன் பாடல் வெளியீட்டு விழா அந்த ஆண்டு ஜூலை 31-ஆம் தேதி மலேசியாவில், புத்ரஜெயாவில் நடந்தது. டாக்டர் வசீகரன் என்ற விஞ்ஞானி தன் உருவத்திலேயே ஒரு யந்திர மனிதனைச் செய்கிறார். அதன் பெயர் சிட்டி. இரண்டு வேடமும் ரஜினிகாந்துக்கு. இயக்கியவர் ஷங்கர்.

அந்தப் படத்தில் ஒரு தீ விபத்து வருகிறது. எரிகிற கட்டடத்துக்குள் போய் ஆட்களைக் காப்பாற்றும் சிட்டி, குளித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணையும் அப்படியே தூக்கிக்கொண்டு வந்து ஊர் நடுவில் நிறுத்திவிடுகிறது. உயிரைக் காப்பாற்றத் தெரிந்த யந்திரத்துக்கு மானம் என்றால் என்னவென்று தெரியவில்லை. அந்தப் பெண் வெட்கம் தாளாமல் உயிரை விட்டுவிடுகிறாள். அதன்பிறகுதான் வசீகரன் அதற்கு உணர்ச்சியைக் கற்றுக்கொடுக்கிறார். கற்றுக்கொண்ட யந்திரமோ, அவர் மணக்க இருக்கும் சனாவையே காதலிக்கத் தொடங்குகிறது! படம் பார்த்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். கடைசியில் நூற்றுக்கணக்கான யந்திரங்கள் பாம்பாகவும் பந்தாகவும் உருமாறிச் சண்டையிட்டதைச் சொல்வார்கள். ஆனால் குரல் தழைந்து சொல்வது, நீதிமன்றத்தின் தீர்ப்புக்குப் பிறகு சிட்டி தன் கையாலேயே தன் உறுப்புகளைக் கழற்றி வைக்கும் இடத்தைத்தான்.

அந்தப் படத்தின் வசனத்தில் எழுத்தாளர் சுஜாதாவுக்குப் பெரும் பங்கு உண்டு. அவர் பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக இருந்தவர். சிங்கப்பூருக்கும் அவருக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. 1978-ல் வந்த ‘ப்ரியா’ அவருடைய கதைதான். ரஜினிகாந்த் வக்கீல் கணேஷாக சிங்கப்பூர் வீதிகளில் நடந்தாரே, அந்தப் படம். சிந்திக்கத் தெரிந்த ஜீனோ என்ற யந்திர நாயை ‘என் இனிய இயந்திரா’ தொடர்கதையில் படைத்து, ‘மீண்டும் ஜீனோ’ என்று அதற்கு இரண்டாம் பாகமும் எழுதியவர் அவர். ‘எந்திரன்’ வெளிவருமுன்பே, 2008 பிப்ரவரி 27-ஆம் தேதி மறைந்துவிட்டார். ஆகவே இரண்டாம் பாகத்தில் அவர் கை இல்லை. இதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த இரண்டாம் பாகத்தின் பெயர் வெறும் எண்: 2.0. கணிப்பொறிக்கு எழுதும் கட்டளைத் தொகுப்பைத் திருத்தித் திருத்தி வெளியிடும்போது 1.0, 2.0 என்று எண் கொடுப்பது அந்தத் தொழிலில் வழக்கம். 2017 தீபாவளிக்கு வரும் என்றார்கள். கணிப்பொறியில் வரைய வேண்டிய காட்சிகள் முடியாமல் தள்ளித் தள்ளி, 2018 நவம்பர் 29-ஆம் தேதி வந்தது. 500 கோடி ரூபாய்க்கு மேல் செலவு என்று சொல்லப்பட்டது.

அது முப்பரிமாணத்திலேயே படம்பிடிக்கப்பட்டது. அது என்ன என்று தெரிய வேண்டுமா? ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோத்துப் பாருங்கள். தூரம் பிடிபடாமல் நூல் விலகி விலகிப் போகும். நம் இரண்டு கண்களும் சற்றே வேறுபட்ட இரண்டு படங்களைப் பார்க்கின்றன. மூளை அவற்றைச் சேர்த்துத்தான் ஆழத்தை அறிகிறது. அதுபோல இரண்டு காமிராக்களை இணைத்து இரண்டு படம் எடுத்து, திரையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் காட்டுகிறார்கள். கொட்டகையில் கொடுக்கும் கண்ணாடி வலது கண்ணுக்கு உரியதை வலது கண்ணுக்கும், இடது கண்ணுக்கு உரியதை இடது கண்ணுக்கும் பிரித்துவிடுகிறது. அதனால்தான் திரையில் பறக்கும் பறவை நம் மடியில் வந்து உட்கார்வதுபோல் இருக்கிறது.

கதை இதுதான். பறவைகளையே உயிராக நினைத்த பட்சிராஜன் என்ற முதியவர், கைத்தொலைபேசிக் கோபுரங்களின் அலைகளால் பறவைகள் சாகின்றன என்று மன்றாடுகிறார். யாரும் கேட்கவில்லை. கோபுரத்திலேயே தூக்குப் போட்டுக்கொள்கிறார். பிறகு ஊரில் உள்ள கைத்தொலைபேசிகளெல்லாம் உரியவர் கையிலிருந்து பறந்துபோய், ஒன்றுசேர்ந்து ராட்சசப் பறவையாகி, ஆட்களைக் கொல்கின்றன. அதை அடக்க சிட்டியைத் திரும்ப உயிர்ப்பிக்கிறார்கள். பட்சிராஜனாக நடித்தவர் அக்ஷய் குமார். பறவை ஆராய்ச்சியாளர் சாலிம் அலியை மனத்தில் வைத்து அமைந்த பாத்திரம் அது.

படம் வந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை நான் தேக்காவில் இருந்தேன். ஞாயிறு மாலை சிராங்கூன் சாலைப் பக்கம் வந்திருந்தால் உங்களுக்குத் தெரியும். கட்டட வேலைக்கும் கப்பல் பட்டறைக்கும் ஊரிலிருந்து வந்த பிள்ளைகள் சாலையோரத்திலும் புல்தரையிலும் கூடி இருப்பார்கள். 1946-ல் திறக்கப்பட்ட ரெக்ஸ் கொட்டகை இருந்த மெக்கன்சி சாலை அங்கேதான். படம் பார்த்துவிட்டு வந்தவர்களின் பேச்சு தேநீர்க் கடையில் தானாகவே காதில் விழுந்தது.

பள்ளிக்கூடப் பையன் ஒருவன் கைகளை விரித்துப் பறவையாகவே ஆகிவிட்டான். அவன் பாட்டி, ‘கண்ணாடி கனமாக இருந்தது, ஆனால் கொடுத்த காசுக்குக் காட்சி உண்டு’ என்றார். அவருடைய மருமகளுக்குத் திருப்தியில்லை. ‘பாட்டு எங்கே? காதல் எங்கே? ஐஸ்வர்யா ராய் எங்கே?’ என்று அடுக்கினார். நியாயமான கேள்விதான். முதல் படத்தின் சனா இதில் முகம் காட்டுவதே இல்லை. வசீகரனோடு தொலைபேசியில் பேசும் குரலாக மட்டும் வருகிறாள். தொலைபேசியைத் திட்டுகிற படத்தில் கதாநாயகி தொலைபேசியிலேயே குடியிருக்கிறாள்! இதை எண்ணித்தான் செய்தார்களோ, தேதி கிடைக்காமல் செய்தார்களோ.

பக்கத்தில் முப்பது வயதுக்குள் இருக்கும் ஒருவர் பேசாமல் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். ‘தம்பி, உங்களுக்குப் படம் எப்படி?’ என்று கேட்டேன்.

‘பிரம்மாண்டம்தான் ஐயா. ஆனால் போன்கள் எல்லாம் கையைவிட்டுப் பறந்த இடத்தில் எல்லாரும் கைதட்டினார்கள். எனக்குத் தட்ட வரவில்லை’ என்றார். அவர் ஊர் பட்டுக்கோட்டைப் பக்கம்.

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பது விளங்க, இரண்டு வாரம் பின்னோக்கிப் போக வேண்டும். 2018 நவம்பர் 16-ஆம் தேதி அதிகாலை, கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் லட்சக்கணக்கான தென்னைகள் சாய்ந்தன. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன. கைத்தொலைபேசிக் கோபுரத்துக்கும் மின்சாரம் வேண்டுமல்லவா? மின்கலத்தில் சேர்த்து வைத்தது தீர்ந்ததும் கோபுரம் ஊமையாகிவிடும். சிங்கப்பூரில் வேலை செய்யும் பிள்ளைகளில் எத்தனையோ பேர் அந்த மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். இவர் நான்கு நாள் அடித்தும் வீட்டில் மணி போகவில்லையாம். ஐந்தாம் நாள் மனைவி யாருடைய வண்டியிலோ வேறு ஊருக்குப் போய், அங்கிருந்து பேசினாராம். தென்னை போயிற்று, கூரை போயிற்று, பிள்ளைகள் நலம் என்ற மூன்று செய்தியும் அந்தச் சின்னக் கருவி வழியாகத்தான் வந்தன.

இது எந்த விமரிசனத்திலும் நான் படிக்காத விமரிசனம். ஒரே கொட்டகை, ஒரே காட்சி. ஒருவருக்குத் தொலைபேசி தொல்லை. அது பறந்து போவது வேடிக்கை. மற்றவருக்கு அது குடும்பத்தோடு கட்டிய ஒரே கயிறு. தூரத்து ஊரில் மகனையோ மகளையோ வேலைக்கு அனுப்பிவிட்டு இருப்பவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

அவர் இன்னொன்றும் கேட்டார்: ‘டவரால் குருவி செத்துப்போகும் என்பது நிஜமா?’ கதையில் எதையும் சொல்லலாம். ஆனால் கேள்வி வந்துவிட்டால் பதில் சொல்ல வேண்டும். படம் வருமுன்பே இந்தியாவின் கைத்தொலைபேசி நிறுவனங்களின் சங்கம், இது பொய்யான பயத்தைப் பரப்புகிறது என்று தணிக்கை வாரியத்துக்குப் புகார் எழுதியது. அவர்கள் வியாபாரிகள், அவர்கள் பேச்சை மட்டும் நம்ப வேண்டாம். விஞ்ஞானிகள் சொல்வதைப் பார்ப்போம். தொலைபேசி அலைகள் வானொலி அலைகளின் இனம். எக்ஸ்ரே கதிரைப்போல உடம்பின் அணுக்களைச் சிதைக்கும் வலு அவற்றுக்குக் கிடையாது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2011-ல் இவற்றைத் ‘தீங்கு இருக்கக்கூடும்’ என்ற வகையில் வைத்தது. தீங்கு நிரூபணமாகிவிட்டது என்று பொருளல்ல. குருவிகள் இந்தியப் பெருநகரங்களில் குறைந்தது உண்மை. ஆனால் 2020-ல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை, நாடு முழுவதும் பார்த்தால் சிட்டுக்குருவியின் எண்ணிக்கை ஏறக்குறைய நிலையாகவே இருக்கிறது என்றும், கோபுரத்தைக் குற்றம் சொல்ல ஆதாரம் இல்லை என்றும் சொல்கிறது. கூடு கட்ட ஓட்டு இடுக்கு இல்லாமல் போனதும், குஞ்சுக்குக் கொடுக்கப் புழு பூச்சி குறைந்ததும் பெரிய காரணங்களாகக் கருதப்படுகின்றன. நாங்கள் பேசிக்கொண்டிருந்த மரத்தின் மேலேயே, ஆளுக்கொரு தொலைபேசி வைத்திருந்த அத்தனை கூட்டத்துக்கு நடுவில், ஜாவா மைனாக்கள் காதைப் பிளந்துகொண்டிருந்தன!

இப்போது முதலில் கேட்ட கேள்வி. இரண்டாம் பாகத்தில் செலவு அதிகம், காட்சி அதிகம். பின்னே குறை எங்கே? என் அபிப்பிராயம் இது. முதல் படத்தில் யந்திரம் மனிதனாகப் பார்த்தது. அந்த ஆசையும் அவமானமும் நமக்குத் தெரிந்தவை. இரண்டாம் படத்தில் சிட்டி சண்டை போட மட்டும் வந்தது. அழவைத்த பங்கு பட்சிராஜனுக்குப் போய்விட்டது. அவர் இளமைக் கதை வரும் பகுதியில் கொட்டகை முழுவதும் அமைதியாக இருந்ததை நானே கவனித்தேன். நாயகனை விட்டுவிட்டு வில்லனுக்காக இரங்கிவிட்டு வெளியே வந்தால், ‘என்னவோ குறைகிறது’ என்றுதான் தோன்றும்.

படம் எடுப்பவர்கள் கணக்கு வேறு. புதுக் கதைக்கு ஊரெல்லாம் விளம்பரம் செய்ய வேண்டும். சிட்டி என்றாலோ குழந்தைக்கும் தெரியும். பாதி டிக்கெட்டை அந்தப் பெயரே விற்றுவிடும். அமெரிக்காவில் 1977-ல் வந்த ‘ஸ்டார் வார்ஸ்’ இந்த வழியைப் பெரிய அளவில் காட்டிக்கொடுத்தது. 1980-லும் 1983-லும் அடுத்தடுத்த பாகங்கள் வந்தன. இடையில் பொம்மை விற்பனையே தனி வியாபாரமாயிற்று. நம் பக்கம் 2024 ஜூன் 27-ஆம் தேதி வந்த ‘கல்கி 2898 ஏ.டி.’ தெலுங்குப் படம், தமிழிலும் வந்தது. அதில் கமல்ஹாசன் சில நிமிடங்களே வருகிறார். மீதியை அடுத்த பாகத்துக்கு வைத்துக்கொண்டார்கள். அதே ஆண்டு ஷங்கர் எடுத்த ‘இந்தியன் 2’ முடிந்ததும் மூன்றாம் பாகத்தின் காட்சிகளைக் காட்டினார்கள். இரண்டாம் பாகமே பிடிக்காமல் எழுந்தவர்கள் அதை எந்த மனநிலையில் பார்த்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ‘எந்திர’னை முடித்தபோது கதை முடிந்திருந்தது. இப்போதோ சாயங்காலமே சாக்கை விரித்து இடம் பிடிப்பதுபோல, இந்தப் படத்திலேயே அடுத்த படத்துக்கு இடம் போட்டுவிடுகிறார்கள்.

2.0-விலும் அப்படி ஒரு சாக்கு உண்டு. கடைசிச் சண்டையில் விரல் உயரக் குட்டி யந்திரங்கள் புறாக்களின் முதுகில் ஏறி வருகின்றன. அவற்றின் எண் 3.0. தேக்காவில் பறவையாகப் பறந்த அந்தப் பையன் அதைக் கவனித்திருந்தான். ‘அடுத்தது குட்டிதான் ஹீரோ’ என்று அடித்துச் சொன்னான்.

பட்டுக்கோட்டைத் தம்பி அதைக் கேட்டுச் சிரித்தார். ‘மூன்றாவதில் சனா போனில் பேசாமல் நேரில் வந்தால் சொல்லுங்கள். நானும் வருகிறேன்’ என்று சொல்லிவிட்டு எழுந்தார். ஊரில் விளக்கு வைக்கும் நேரம் நெருங்கிவிட்டதாம். வீட்டுக்குப் பேச வேண்டும் என்றார்.