பிரசவத் தேதியைக் கம்ப்யூட்டர் சொல்லுமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் எக்ஸெல் புரோகிராமை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு, "இது ஆபீசில் கணக்கு எழுதுபவர்களுக்கு" என்று மூடிவிடுவதுண்டு. வீட்டில் கர்ப்பிணி யாராவது இருந்தால் அதே எக்ஸெல்லுக்கு ஒரு நல்ல வேலை இருக்கிறது. பிரசவத் தேதி எது, இன்று எத்தனையாவது வாரம் என்பதை ஒரு நிமிடத்தில் போட்டுக்கொள்ளலாம். எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸில் உள்ள கால்க் புரோகிராமிலும் செய்யலாம். இதில் நான் ஒரு பெரிய தவறு செய்தேன். அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. ஆஸ்பத்திரிச் சீட்டில் எல்.எம்.பி., இ.டி.டி. என்று இரண்டு தேதிகள் எழுதியிருப்பார்கள். முதலாவது, கடைசியாக மாதவிலக்கு தொடங்கிய நாள். இரண்டாவது, பிரசவம் எதிர்பார்க்கப்படும் நாள். இடையில் 280 நாட்கள், அதாவது 40 வாரங்கள். கரு உண்டாவது என்னவோ சுமார் இரண்டு வாரம் கழித்துத்தான். ஆனால் அந்த நாள் யாருக்கும் சரியாகத் தெரியாது என்பதால் மாதவிலக்குத் தேதியிலிருந்தே எண்ணுகிறார்கள். நாள் தள்ளிப்போய்ச் சில நாட்களே ஆன நிலையில் டாக்டர் "ஐந்து வாரம்" என்று சொல்வது இதனால்தான்.

கம்ப்யூட்டர் இல்லாத காலத்துக்கு ஒரு விதி உண்டு. ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் இருந்த மகப்பேறு மருத்துவர் ஃபிரான்ஸ் கார்ல் நேகெலே (1778-1851) பெயரால் வழங்குவது அது. தேதியுடன் 7 நாளைக் கூட்டு, 3 மாதத்தைக் கழி, வருடத்தில் ஒன்றைக் கூட்டு. 5 மார்ச் 2025 என்றால் 12 டிசம்பர் 2025 வரும். 280 நாட்களை உண்மையாகவே எண்ணினால் 10 டிசம்பர் வரும். மாதங்களுக்கு 28, 30, 31 என்று நாட்கள் மாறுவதால் இந்தச் சிறு வித்தியாசம்.

இனி எக்ஸெல். பி1 செல்லில் மாதவிலக்குத் தேதியை டைப் செய்யுங்கள். பி2 செல்லில் சமக்குறி போட்டு, பி1 செல்லைக் கிளிக் செய்து, +280 என டைப் செய்து என்டர் தட்டுங்கள். பிரசவத் தேதி வந்துவிடும். பி3 செல்லில் கன்ட்ரோல் கீயுடன் அரைப்புள்ளி கீயை அழுத்தினால் இன்றைய தேதி விழும். பி4 செல்லில் பி3-லிருந்து பி1-ஐக் கழித்தால் எத்தனை நாள் ஆயிற்று என்று தெரியும். 7-ஆல் வகுத்தால் வாரம். பி4-ல் நாட்களுக்குப் பதில் ஏதோ பழைய தேதி தெரிந்தால் பயப்பட வேண்டாம், அந்தச் செல்லின் ஃபார்மட்டை ஜெனரல் என்று மாற்றுங்கள்.

தேதியோடு எண்ணை எப்படிக் கூட்ட முடிகிறது? எக்ஸெல்லுக்குத் தேதி என்பதே ஓர் எண்தான். 1900 ஜனவரி 1-ஐ 1 என்று வைத்து எண்ணிக்கொண்டே வருகிறது. 5 மார்ச் 2025 என்பது அதற்கு 45721. 280-ஐக் கூட்டினால் 46001, அதாவது 10 டிசம்பர் 2025. (1900-ல் பிப்ரவரி 29 இருந்ததாக எக்ஸெல் தவறாக எண்ணுகிறது. லோட்டஸ் 1-2-3 என்ற பழைய புரோகிராமின் கணக்கோடு ஒத்துப்போவதற்காக அப்படியே விட்டுவிட்டார்கள். நம் கணக்கை அது பாதிக்காது.)

இப்போது என் தவறு. சென்ற வருடம் என் அக்கா கர்ப்பமாக இருந்தபோது இப்படி ஒரு ஷீட் தயாரித்து மெயிலில் அனுப்பினேன். அக்கா புது லேப்டாப்பில் 05/03/2025 என்று டைப் செய்தாள். ஷீட் 7 பிப்ரவரி 2026 என்று சொன்னது. துபாயில் இருக்கும் அத்தான் அதைப் பார்த்து ஜனவரிக் கடைசியில் லீவு எழுதிக் கொடுத்து, விமான டிக்கெட்டும் போட்டுவிட்டார்.

பிடித்தது என் அம்மா. "ஆவணிக்குள்ள வளைகாப்பு வச்சிரணும், புரட்டாசி வந்திரும்" என்றாள். நான் ஷீட்டைப் பார்த்து, "ஆவணியில அஞ்சாம் மாசம்தானேம்மா?" என்றேன். அம்மா விரல் விட்டு எண்ணி, "ஏழுடா" என்றாள். எனக்கு ஷீட்டின் மேல்தான் நம்பிக்கை. ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்துப் பார்க்கச் சொன்னேன். அதில் 10 டிசம்பர் என்று முதல் நாளிலிருந்தே எழுதியிருந்தது.

என்ன நடந்தது? அக்காவின் லேப்டாப் அமெரிக்க முறையில் தேதியைப் படிக்கும்படி அமைந்திருந்தது. அங்கே மாதம் முதலில், நாள் பிறகு. மார்ச் 5 என்று நினைத்து அவள் அடித்ததை மே 3 என்று எடுத்துக்கொண்டது. 59 நாள் பிழை. செல்லில் 5/3/2025 என்றே தெரிந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. விடை வரும் செல்லில் மட்டும் மாதப் பெயர் தெரியும்படி அமைத்த நான், கேள்வி போகும் செல்லில் அதைச் செய்யவில்லை. அதே ஷீட்டில் 25/03/2025 என்று அடித்திருந்தால், 25-வது மாதம் இல்லை என்பதால் அது தேதியாகவே ஏற்கப்படாமல் செல்லின் இடது ஓரத்தில் ஒட்டியிருக்கும், தவறு அப்போதே தெரிந்திருக்கும். 12-க்கு உட்பட்ட நாட்கள்தான் சத்தமில்லாமல் ஏமாற்றுகின்றன.

மெஷின் சொன்ன விடையை, கையில் இருக்கும் வேறு சான்றைவிட அதிகமாக நம்பும் இந்தப் பழக்கத்துக்கு மனவியலில் ஆட்டோமேஷன் பயஸ் என்று பெயர். சாஃப்ட்வேர் எழுதுகிறவனுக்கும் அது உண்டு.

நீங்கள் தப்பிக்க வழி எளிது. மாதத்தை எண்ணாக அடிக்காமல் ஆங்கிலத்தில் அதன் முதல் மூன்று எழுத்தாக அடியுங்கள். விண்டோஸில் செட்டிங்ஸ் சென்று, டைம் அண்ட் லாங்குவேஜ் பகுதியில் ரீஜினல் ஃபார்மட்டை இங்கிலீஷ் இந்தியா என்று மாற்றுங்கள். மாற்றியபின் பழைய தேதியை அழித்து மறுபடி டைப் செய்ய வேண்டும். தவறாகப் பதிந்த தேதி தானாகத் திருந்தாது.

தேதியைச் சரியாகக் கொடுத்தாலும் விடை ஓர் உத்தேசம்தான். குறித்த அதே நாளில் பிறக்கும் குழந்தைகள் இருபதில் ஒன்று என்ற அளவில்தான் இருக்கும். 37 வாரம் முடியுமுன் பிறந்தால் குறைப்பிரசவம். 280 நாள் கணக்கு 28 நாளுக்கு ஒருமுறை மாதவிலக்கு வருபவர்களுக்கானது. 35 நாள் சுற்று உள்ளவருக்கு ஒரு வாரம் தள்ளிப்போகும். ஒழுங்கில்லாத சுற்று உள்ளவர்களுக்கு இந்த ஷீட் பயன்படாது. செல்போன் ஆப்களுக்கும் இதே கதைதான். முதல் மூன்று மாதத்துக்குள் எடுக்கும் ஸ்கேனில் கருவின் தலையிலிருந்து பிட்டம் வரை அளந்து வயதைச் சொல்வார்கள். அதில் 5 முதல் 7 நாள் வரைதான் முன்பின் இருக்கும். டாக்டர் ஸ்கேனைப் பார்த்துத் தேதியை மாற்றினால், ஷீட்டிலும் அதையே போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. ரத்தப்போக்கு, நீர் கசிவு, கடுமையான தலைவலியோடு கண் மங்கல், முகம் கை வீக்கம், வலிப்பு, குழந்தையின் அசைவு குறைதல், இவற்றில் எது வந்தாலும் கம்ப்யூட்டரைத் திறக்காதீர்கள். இன்டர்நெட்டில் தேடிக்கொண்டிருக்கவும் வேண்டாம். 108-க்கு போன் செய்யுங்கள், அல்லது நேராக ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

அத்தான் அபராதம் கட்டி டிக்கெட்டை மாற்றி நவம்பர் கடைசியில் வந்து சேர்ந்தார். டிசம்பர் 4-ம் தேதி பையன் பிறந்தான். அந்த ஷீட்டை இப்போது தடுப்பூசிக்கு வைத்திருக்கிறோம். பிறந்த தேதியுடன் 42, 70, 98 கூட்டினால் 6, 10, 14-வது வாரத் தடுப்பூசிகளுக்கான தேதிகள். முதல் விடை 15 ஜனவரி 2026 என்று வந்தது. "அன்னைக்குப் பொங்கல், யாருடா ஊசி போடுவா?" என்றாள் அம்மா. அடுத்த வாரம் போய்ப் போட்டு வந்தார்கள்.