எண்ணிலிருந்து பெயரை அறிதல்

இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கடிதம் எழுதும்போது ஆளின் பெயர், கதவு எண், தெரு, ஊர், மாவட்டம் என்று சிறியதில் தொடங்கிப் பெரியதில் முடிக்கிறோம். ஆனால் அடியில் எழுதும் பின்கோடு எண் இதற்கு நேர்மாறானது. 1972 ஆகஸ்டு 15-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த இம்முறையில், 626125 என்பதன் முதல் இலக்கம் தமிழ்நாடும் கேரளமும் அடங்கிய மண்டலத்தையும், 626 நம் வட்டாரத்தையும், இறுதி மூன்று இலக்கங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் அஞ்சலகத்தையும் குறிக்கும். இராஜபாளையத்திற்கு 626117. இங்கே பெரியதுதான் முதலில் வருகிறது. நம்மில் பலர் கவனித்திராத இவ்வேறுபாட்டை நினைவில் கொண்டால், ஒரு கணிப்பொறியின் எண் முகவரியிலிருந்து அதன் பெயரைக் கண்டறியும் விதம் எளிதில் விளங்கும்.

கணிப்பொறிகள் ஒன்றையொன்று எண்ணால் அறிகின்றன. நமக்கோ பெயர்தான் மனத்தில் நிற்கும். தொடக்க காலத்தில் பெயர்களும் எண்களும் ஒரே பட்டியலில் இருந்தன. கலிபோர்னியாவில் எலிசபெத் ஃபைன்லர் என்ற பெண்மணியின் குழுவினர் அதைப் பேணி வந்தனர். பட்டியல் பெருத்துக் கைக்கு அடங்காமற் போகவே, பதிவேட்டைப் பல இடங்களில் பகிர்ந்து வைக்கும் டி.என்.எஸ். முறையை 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் வகுத்தார்.

டெலிபோன் டைரக்டரியில் பெயரைக் கொண்டு எண்ணைக் காண்பது எளிது. எண்ணை வைத்துக்கொண்டு பெயரைத் தேடினால் புத்தகம் முழுவதையும் புரட்ட வேண்டும்! ஆகவே எண்களுக்கென்று தனிப் பதிவேடு ஏற்பட்டது. எண் முகவரி, பின்கோடு போல், பெரியதில் தொடங்குவது. கணிப்பொறியின் பெயரோ கடித முகவரி போல் சிறியதில் தொடங்குவது. அதனால் எண்ணைத் திருப்பிப் போட்டு, இறுதியில் 'இன்-அடர்.ஆர்பா' என்று சேர்த்துத் தேட வேண்டும். 8.8.4.4 என்ற எண்ணுக்குரிய பெயர் 4.4.8.8.இன்-அடர்.ஆர்பா என்னுமிடத்தில் இருக்கும். அங்கே கிடைப்பது 'டிஎன்எஸ்.கூகுள்' என்ற பெயர். கணிப்பொறியில் 'என்எஸ்லுக்அப்' என்று தட்டி, இடைவெளி விட்டு எண்ணைத் தட்டினால், திருப்பும் வேலையை அதுவே செய்துகொள்ளும்.

ஆயினும் கிடைத்த பெயரை அப்படியே நம்புவதற்கில்லை. இப்பதிவேட்டில் எழுதும் உரிமை எண்ணை வைத்திருப்பவருக்கே உரியது. அவர் விரும்பினால் பிறர் பெயரையும் எழுதி வைக்கலாம். கடித உறையில் அனுப்புநர் தாமே எழுதும் முகவரி போன்றதே இதுவும். எனவே அந்தப் பெயரை மறுபடி தேடி, அதே எண் திரும்பி வருகிறதா என்று பார்க்க வேண்டும். மின்னஞ்சல் நிலையங்கள் பல இவ்வாறு சோதிக்கின்றன. பெயரற்ற எண்ணிலிருந்து வரும் அஞ்சலை ஏற்க மறுப்பதும் உண்டு.

வீட்டு இணைப்புகளைத் தேடினாலோ, இணைப்புத் தரும் நிறுவனத்தின் பெயர்தான் பெரும்பாலும் வரும். வீட்டில் இருப்பவர் யார் என்பதை அதிலிருந்து அறிய இயலாது.